பப்படம் ஏன் செத்தது

பப்படம் செத்துப்போன செய்தியைக் கட்டாருக்கு முதலில் சொன்னவள் தவமலர்தான். மருமகள் கோசலா பின்பக்கத் தொட்டியடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் முன்விறாந்தைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, போனில் மகனின் படத்தைத் தேடி அமத்தினாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே 'என்னில் பிழை இல்லை' என்று சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம் மனிதருக்கு வருமே, அது அவளுக்கும் வந்திருந்தது. மற்றப்படி அவள் கெட்ட மனுசி இல்லை.

"தம்பி, உன்ரை மீன் செத்துப்போட்டுது," என்றாள்.

அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதைத் தாங்க மாட்டாமல் அடுத்ததையும் சொன்னாள்.

"நேற்றுப் பின்னேரம் கோசலா காத்து மோட்டரை நிப்பாட்டி வைச்சவள். நான் கண்டனான்."

சொன்னது பொய்யில்லை. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டரைக் கோசலா நிற்பாட்டியது உண்மை, தவமலர் கண்டதும் உண்மை. ஆனால் வடிகட்டியைக் கழுவத்தான் நிற்பாட்டினாள் என்பதையும், கழுவி முடித்ததும் போட்டுவிட்டாள் என்பதையும் தவமலர் சொல்லவில்லை. மகன் உமாசுதன் போனை வைத்துவிட்டான்.

பப்படம் என்பது ஒரு திருக்கை மீன். சிலாபப் பக்கத்தில் அலங்கார மீன் வளர்க்கும் ஒரு பண்ணையில் உமாசுதன் ஆறு வருடம் வேலை செய்தான். முதலாளி பண்ணையை மூடியபோது, "நீதானே இதை வளர்த்தாய், நீயே கொண்டுபோ" என்று குட்டித் திருக்கை ஒன்றை அவனிடம் கொடுத்தார். கபில நிற உடம்பில் மஞ்சள் பொட்டுகள், சோற்றுத் தட்டு அளவு வட்டம், பின்னால் ஒரு வால். பாலாவியில் இருந்த தங்கள் வீட்டின் பின்பக்கத்தில் தகரக் கூரை இறக்கி, சீமெந்தால் தொட்டி கட்டி, அடியில் மணல் பரப்பி, அதில் விட்டான். கல்யாணமாகி உடப்பு என்ற மீனவக் கிராமத்திலிருந்து வந்த கோசலா முதல் நாளே எட்டிப் பார்த்து, "ஐயோ, பொரிக்காத பப்படம் மாதிரி இருக்கு" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

தவமலருக்கு அந்த மீனைக் கண்டதும் சிரிப்புத்தான் வந்தது. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள் அவள். அவளுடைய தகப்பன் கரைவலைக்காரர். திருக்கை என்றால் முள்ளை முறித்துவிட்டு வள்ளத்தால் இறக்குவது, அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுப்பது. இவ்வளவுதான் அவளுக்கும் திருக்கைக்கும் இருந்த உறவு. அதைத் தொட்டியில் விட்டு, இறாலைச் சின்னச் சின்னதாக நறுக்கி, கையில் வைத்து ஊட்டி, "வாடா குஞ்சு" என்று முப்பது வயது ஆம்பிளை கொஞ்சுவதைப் பார்க்க அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"அம்மா, இது ஆத்துத் திருக்கை. நல்ல தண்ணியிலைதான் இருக்கும்," என்று உமாசுதன் ஒருமுறை சொன்னான்.

"திருக்கையாவது ஆத்திலை இருக்கிறதாவது! ஆருக்கடா கதை விடுறாய்?" என்றாள் தவமலர். அவன் அதற்குப் பிறகு விளக்கப் போகவில்லை. தண்ணீர் மாற்றுவது, வடிகட்டி கழுவுவது எல்லாவற்றையும் கோசலாவுக்குத்தான் சொல்லிக் கொடுத்தான். வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். அதில் ஒரு சொட்டுக்கூடத் தொட்டிக்குள் போகக்கூடாது, பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீரைப் பீப்பாவில் ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும் என்று கோசலாவிடம் மூன்று தரம் சொன்னான். தாயிடம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. கடலைப் பற்றியும் மீனைப் பற்றியும் அந்த வீட்டில் தவமலருக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை.

அவளுக்குத் தெரிந்த தண்ணீர்கள் இரண்டு. ஒன்று, இருபத்திரண்டு வயது வரைக்கும் அவள் படுத்தெழும்பிய முல்லைத்தீவுக் கடல். மற்றது, சண்டையில் ஓடிவந்த பிறகு பாலாவி உப்பளத்தில் கணுக்கால் நனைய நின்ற பாத்தித் தண்ணீர். அந்த உப்பளத்தில் இருபத்தாறு வருடம் உப்பு வாரினாள். குதிக்கால் வெடிப்பில் உப்பு ஏறி எரிந்தால், அதன்மேல் இன்னும் கொஞ்சம் உப்பைத் தேய்த்துவிட்டு நடப்பாள். புருசன் இரத்தினம் லொறியில் உப்பு மூட்டை ஏற்றினார். நெஞ்சுவலி வந்து அவர் செத்துப் பத்து வருடமாகிறது. வேலையை விட்டு இரண்டு வருடம் ஆன பிறகும் தவமலரின் குசினி மூலையில் ஒரு சாக்கு உப்பு இருந்தபடியே இருக்கும். பல்வலிக்கு உப்பு, தொண்டைக்கு உப்பு, நாவூறு கழிக்க உப்பு, எறும்புக்கு உப்பு. டொக்டரிடம் போவதற்கு முன்னால் அந்தச் சாக்கிடம் போவதுதான் அந்த வீட்டு வழக்கம்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. இடம்பெயர்ந்து வந்த முதல் வருடம் தவமலர் சாப்பிடாமல் கிடந்தாள். எந்த நோயுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சோற்றைக் கண்டால் திரும்பிப் படுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரத்தினம் அவளை பஸ்ஸில் ஏற்றி எத்தாளைக்குக் கூட்டிப்போய்க் கடற்கரையில் விட்டார். அவள் சீலையோடு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். அதை அவள் யாருக்கும் பெரிதாகச் சொன்னதில்லை. ஆனால் தன்னைக் காப்பாற்றியது அந்த உப்புத்தண்ணீர் என்று நெஞ்சுக்குள் உறுதியாக நம்பியிருந்தாள்.

உமாசுதன் வேலைக்காகக் கட்டாருக்கு விமானம் ஏறிய மூன்றாம் நாள் பப்படம் சாப்பாட்டை நிறுத்தியது. கோசலா இறாலை நறுக்கிக் கையில் வைத்தாள், வரவில்லை. மண்புழு தோண்டிப் போட்டாள், அதற்கும் வரவில்லை. மணலைப் போர்த்துக்கொண்டு இரண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டுக் கிடந்தது. பின்னேரங்களில் உமாசுதன் வீடியோவில் வருவான். முதலில் மீன், அடுத்தது தாய், நேரம் மிஞ்சினால் பெண்சாதி. இந்த ஒழுங்கு மாறாது. "ஏன் கிடக்குது? நீ சரியாப் பார்க்கிறாயா?" என்று கோசலாவைத்தான் கேட்டான்.

தவமலர் தொட்டியடியில் குந்தியிருந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். சாப்பிடாமல் கிடந்த அந்தப் பழைய நாட்கள் அவளுக்கு அப்படியே நினைவுக்கு வந்தன. என்னதான் மகன் கதை விட்டாலும் திருக்கை கடலில் பிறந்தது. அதைக் கொண்டுவந்து பவுசர்த் தண்ணீரில் போட்டால் அது எப்படிச் சாப்பிடும்? பாவம், வாயிருந்தால் கேட்டிருக்கும். கோசலா முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போன பிறகு, சாக்கிலிருந்து ஒரு சிரட்டை கல்லுப்பை அள்ளிக்கொண்டுபோய் அது கிடந்த மூலையில் மெதுவாகத் தூவினாள்.

"இந்தா ராசாத்தி, உன்ரை கடல்," என்றாள்.

அன்றைக்குப் பப்படம் மணலை உதறிவிட்டு எழும்பித் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. தவமலருக்குக் கண் கலங்கிவிட்டது. பார், உயிர் வந்துவிட்டதே! அடுத்த நாளும் ஒரு சிரட்டை, அதற்கடுத்த நாளும் ஒரு சிரட்டை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கடல் தண்ணீருக்குக் கிட்டவும் வரவில்லை என்று தெரியும். ஒரேயடியாகப் போட்டால் மீனுக்குத் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடலாக்க வேண்டும் என்று பக்குவமும் பார்த்தாள். மருமகளிடம் சொல்லவில்லை. ஒளிப்பதற்காக அல்ல, காய்ச்சல்காரருக்கு மல்லித்தண்ணி கொடுத்ததைப் போய் யாராவது அறிவித்துக்கொண்டிருப்பார்களா?

இப்படிப் பத்தொன்பது நாள் போனது. இருபதாம் நாள் காலையில் பப்படத்தின் விளிம்பு உள்ளே மடிந்து, நிறம் வெளிறி, மணலுக்கு மேலே கிடந்தது. தவமலர் நொந்துபோய் நினைத்தது இதைத்தான்: இன்னும் இரண்டு நாள் முந்தித் தொடங்கியிருந்தால் தப்பியிருக்கும்.

கோசலா மீனவப் பிள்ளை. அழுதாலும் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கி, றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் பப்படத்தைக் கிடத்தி மூடி வைத்தாள். அன்றைக்கு முழுக்க உமாசுதனுக்குப் போன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் தாயின் போனுக்குக் குரல் செய்தி வந்தது. தவமலருக்குச் சத்தத்தைக் குறைத்துக் கேட்கத் தெரியாது. வீடு முழுக்கக் கேட்டது.

"அம்மா, அவளை உடப்புக்கு அனுப்பி விடுங்கோ. நான் லீவிலை வாற வரைக்கும் அங்கையே இருக்கட்டும். ஒரு உயிரை மூண்டு கிழமை பார்க்கத் தெரியாதவளை வைச்சு நான் என்ன செய்யிறது? வந்து யோசிப்பம்."

'வந்து யோசிப்பம்' என்ற சொல்லைக் கேட்டதும் தவமலர் போனைக் கவிழ்த்து வைத்தாள். மோட்டர் கதையைச் சொன்னபோது, தன் தலைக்கு மேலால் ஒரு பழி பறந்து போனால் போதும் என்றுதான் நினைத்தாள். அது போய் எங்கே விழும் என்று பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது.

கோசலா குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"மாமி, நான் மோட்டரை நிப்பாட்டினது இருபது நிமிசம். இருபது நிமிசத்துல அது சாகுமா எண்டு மட்டும் யாரிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க. சாகும் எண்டா நானே போறேன். ஒருத்தரும் அனுப்பத் தேவையில்ல."

"ஆரிட்டைப் பிள்ளை கேக்கிறது?"

"ஃபஸ்லான் நானாட்ட."

ஃபஸ்லான் நானா, அதாவது ஃபஸ்லான் அண்ணன், உமாசுதனின் கூட்டாளி. புத்தளம் நகரத்தில் அலங்கார மீன் கடை வைத்திருப்பவன். இறால் பண்ணைக்காரர்களுக்குத் தண்ணீர் பரிசோதித்துக் கொடுப்பதும் அவன்தான். கோசலா ஒரு வெறும் சோடாப் போத்தலைக் கழுவி, தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் பிடித்தாள். மாமியும் மருமகளும் பெட்டியையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பெட்டியில் என்ன என்று கொண்டக்டர் கேட்டதற்குத் தவமலர், "ஐஸ்" என்றாள்.

ஃபஸ்லான் பெட்டியைத் திறந்ததும் ஐஸை ஒதுக்கிவிட்டு அதன் முதுகைத் தடவினான். பண்ணையில் அது குட்டியாக இருந்த காலத்திலேயே அவனுக்குத் தெரியும். பிறகு பலகையில் கிடத்தி, செட்டை விளிம்பைப் பார்த்தான், புரட்டி வாயையும் செவுள்பூவையும் பார்த்தான்.

"வயிறு சிவந்திருக்கு. காயமில்ல. உள்ளுக்குப் பாத்தா நல்லம், ஆனா எனக்கு வெட்டிப் பழக்கமில்லம்மா."

"கத்தியைத் தா தம்பி," என்றாள் தவமலர்.

ஆயிரம் திருக்கை வெட்டிய கை அது. எங்கே கீற வேண்டும், எவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டும் என்று கைக்குத் தெரியும். ஆனால் கத்தி தோலில் பட்டபோது கை ஒருகணம் நின்றது. இதைக் கறிக்காக வெட்டவில்லை என்ற நினைப்பு வந்தது. பிறகு கீறித் திறந்தாள். இரைப்பை வெறுமையாக ஒட்டிக் கிடந்தது. ஈரலைப் பார்த்தாள். ஊரில் திருக்கையின் ஈரல் உள்ளங்கை நிறைய, கொழுத்து, எண்ணெய் வடிய வரும். இது சுருங்கி வெளிறி, விரலுக்குள் அடங்கியது. பட்டினி கிடந்த பிள்ளையைப் பார்த்த மாதிரி அவளுக்கு இருந்தது.

"சாப்பிடவேயில்லைத் தம்பி. கடைசி வரைக்கும் சாப்பிடேல்லை."

"முதல்ல சாப்பிடாம விட்டது பெரிய விசயமில்லம்மா. ஊட்டின கை மாறினா நாலஞ்சு நாள், ஒரு கிழமகூட இதுகள் அடம்பிடிக்கும். பிறகு தானா எடுக்கும். ஏன் எடுக்கல்லண்டுதான் பாக்கணும்." அவன் கோசலாவின் பக்கம் திரும்பினான். "மோட்டர் எவ்வளவு நேரம் நிண்டது?"

"இருபது நிமிசம் நானா."

"இருபது நிமிசத்துல சாகாது. ஒரு மணித்தியாலம் நிண்டாலும் அந்தத் தொட்டிக்குச் சாகாது. அது காரணமில்ல தங்கச்சி."

கோசலா கடைவாசலில் இருந்த கதிரையில் இருந்துவிட்டாள். நின்றபடி இரண்டு நாள் இருந்தவள் இப்போதுதான் உட்கார்கிற மாதிரி இருந்தது. தவமலர் அவளைப் பார்க்கவில்லை, கத்தியைக் கழுவினாள்.

ஃபஸ்லான் போத்தல் தண்ணீரில் நாலைந்து சோதனை செய்தான். மருந்துத் துளி விட்டு நிறம் பார்த்தான், தலையைச் சொறிந்தான். மேசைக்குள்ளிருந்து, இறால் பண்ணைக்காரருக்கு உப்புப் பார்க்கும் சின்னக் குழாயை எடுத்து, அதில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்தான். பிறகு துடைத்துவிட்டு, இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தான்.

"தங்கச்சி, கிணத்துத் தண்ணியா ஊத்தினீங்க?"

"இல்ல நானா. பவுசர்த் தண்ணிதான்."

"இதுல உப்பு இருக்கு. கொஞ்சமில்ல, நிறைய."

தவமலர் உற்சாகத்தோடு வாயைத் திறந்தாள். ஓம், நான்தான் போட்டனான், அதாலைதான் அது இவ்வளவு நாளாவது கிடந்தது என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் ஃபஸ்லான் முந்திக்கொண்டான்.

"இதுதான் கொண்டிருக்கு. கடல் திருக்கைக்கு உப்புத் தாங்கிற உடம்பு. இது ஆத்துத் திருக்கை. இதுட உம்மா வாப்பா, அதுகளுட உம்மா வாப்பா ஒண்டும் கடலக் கண்டதில்ல. எத்தனையோ தலைமுறையா ஆத்துலயே இருந்து, உப்புக்கு ஈடுகொடுக்கிற சக்தி அந்த உடம்புல இல்லாமப் போச்சு. கொஞ்சம் உப்பு எண்டா சமாளிக்கும். நாளுக்கு நாள் ஏறினா எரிஞ்சு எரிஞ்சு சாகும். அதிலயும் உப்பு கீழதான் போய்ப் படியும், இதுவும் கீழதான் படுத்துக் கிடக்கும்."

தவமலரின் வாய் மூடிக்கொண்டது.

முதல் சிரட்டை விழுந்த அன்று அது மணலை உதறிவிட்டுச் சுற்றிச் சுற்றி ஓடியதே. அது சந்தோசமில்லை. எரிவு தாங்காமல் ஓடியிருக்கிறது. அந்த மூலையை விட்டு அடுத்த மூலைக்குப் போய்ப் படுத்தபோது, அவள் அந்த மூலையிலும் போய்த் தூவினாள். கண் இரண்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ராசாத்தி என்று சொல்லிச் சொல்லித் தூவினாள்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் எவ்வளவோ நல்லது. அவள் சொல்லவில்லை. இருக்கிறது ஒரே மகன், இருப்பதும் அவன் கட்டிய வீடு. அதைவிட, கடலறிந்தவள் என்கிற ஒரே பெருமையை வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வறண்ட மண்ணில் நிமிர்ந்து நின்றவள் அவள். அதை ஒரு மீன் கடையில் கழற்றி வைக்க மனம் வரவில்லை.

ஃபஸ்லான் அவர்களுக்கு முன்னாலேயே உமாசுதனுக்குப் போன் எடுத்து, தண்ணீரில் உப்பு என்ற செய்தியைச் சொன்னான். உண்மையைச் சொன்னான், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோசலாவோடு கதைக்கச் சொல்லி போனை நீட்டினான். அந்தப் பக்கம் தொடர்பு அறுந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கோசலா யன்னலோரம் இருந்தாள்.

"மாமி, ஒரு சொட்டுக் கிணத்துத் தண்ணி நான் ஊத்தல்ல. எங்க ஊர் அம்மன்மேல சத்தியமாச் சொல்றேன். நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறன் பிள்ளை," என்றாள் தவமலர். தவமலரைத் தவிர உலகத்தில் வேறு யாராலும் அவ்வளவு உறுதியாக நம்ப முடியாது. உப்பளத்தடியில் லொறிகள் நின்றன, பஸ் ஆட்டி ஆட்டிப் போனது. தன்னையே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோசலா அலுமாரியைத் திறந்து உடுப்புகளை எடுத்து மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வெட்டி வைத்திருந்த வர்ணத்தாள் பூக்களை ஒரு பேப்பரில் சுற்றி, "நாளைக்கு யாராவது ரீச்சர் வந்து கேட்டா இதைக் குடுங்க மாமி" என்றாள். அந்தப் பூக்களை வாங்கியபோது தவமலருக்கு அழுகை வந்துவிட்டது. பின்னேரம் ஐந்தரைக்கு உமாசுதன் எடுத்தான். வழக்கம்போல வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"அவள் வெளிக்கிட்டிட்டாளோ?"

தவமலர் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். கோசலா மடித்துக்கொண்டிருந்த கட்டிலில், அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். போனை இரண்டு பேருக்கும் கேட்கும்படி கட்டிலில் வைத்தாள்.

"தம்பி, உப்புப் போட்டது நான்."

"என்ன?"

"தொட்டிக்குள்ளை. நீ போய் நாலாம் நாள் துவங்கி, நாளுக்கு ஒரு சிரட்டை. அது சாப்பிடாமல் கிடந்துது. கடலுக்கு ஏங்குது எண்டு நினைச்சன். எனக்கு அப்பிடித்தானே சுகம் வந்தது, அதுக்கும் வரும் எண்டு நினைச்சன். கோசலாவுக்குத் தெரியாது. மோட்டரும் அவள் வடிகட்டி கழுவத்தான் நிப்பாட்டினவள். கழுவிப்போட்டுத் திரும்பப் போட்டவள். அதையும் நான் உனக்குச் சொல்லேல்லை. உன்ரை மீனைக் கொண்டது நான்தானடா."

திட்டு வரும் என்று காத்திருந்தாள். போனை வைத்துவிடுவான் என்றும் நினைத்தாள். கோசலா மடித்த சட்டையைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

கட்டாரில் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

"சரி, விடுங்கோ அம்மா. தெரியாமல் செய்ததுதானே. அழாதேங்கோ. உங்களுக்குப் பிறகு பிரசர் கூடிப்போடும். ஒரு மீன்தானே."

தவமலருக்கு முதலில் நெஞ்சு இளகியது. அது ஒரு நொடிதான். கோசலாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. 'ஒரு மீன்தானே' என்ற சொல்லைக் கேட்டு, அது தனக்குச் சொல்லப்பட்ட சொல் இல்லை என்பதை விளங்கிக்கொண்ட முகம் அது.

"என்னடா சொன்னாய்?" என்றாள் தவமலர். குரல் உயர்ந்தது. "ஒரு மீன்தானே? செய்யாத பிழைக்கு அவளை வீட்டை விட்டுப் போகச் சொல்லேக்கை அது ஒரு உயிர். செய்த நான் சொல்லேக்கை ஒரு மீனோ? எனக்கு ஒரு மூச்சிலை 'விடுங்கோ' எண்டுறாய். அவளின்ரை போனை ரெண்டு நாளாய் எடுக்கேல்லை. அவள் தெரியாமல் செய்திருந்தால் நீ விட்டிருப்பியோ? சொல்லு பாப்பம்."

"அம்மா, நான் கோவத்திலை..."

"கோவம் ஏன் அவளிலை மட்டும் வருது?"

"அவளிட்டைக் குடுங்கோ," என்றான்.

தவமலர் போனை நீட்டினாள். கோசலா வாங்கினாள். காதில் வைக்கவில்லை, வாய்க்குக் கிட்டப் பிடித்துச் சொன்னாள்.

"நான் கேட்டேன். எல்லாம் கேட்டேன். இண்டைக்கு எனக்குக் கதைக்க ஒண்டுமில்ல."

சிவப்பு வட்டத்தை அமத்தி போனை மாமியின் மடியில் வைத்தாள். தவமலர் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, பஸ்ஸிலை சொல்லியிருக்க வேணும். கடையிலையே சொல்லியிருக்க வேணும். எனக்குத் துணிவு வரேல்லை. என்னை நீ மன்னிக்கத் தேவையில்லை, ஆனால் நான் கேக்கிறன்."

கோசலா கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, இறுக்கவுமில்லை. "நீங்க சொன்னீங்க மாமி. சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரியாது," என்றாள். பிறகு மிச்ச உடுப்புகளையும் மடித்துப் பையில் வைத்தாள்.

"இன்னும் போறியோ?"

"அவர் அனுப்பிப் போகல்ல. எனக்கு எங்க அம்மாவப் பாக்கணும். ஒரு கிழமை இருந்திட்டு வருவேன். வருவேன் மாமி, நீங்க யோசிக்காதீங்க."

மறுநாள் காலையில் தவமலர் பையைத் தூக்கிக்கொண்டு சந்தி வரைக்கும் போய் அவளை உடப்புப் பக்கம் போகும் சிலாபம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, கோசலா எடுக்கிறாளில்லை. விடியத் துவங்கி ஏழு தரம் எடுத்திட்டன்."

"சரி. எட்டாம் தரம் எடு," என்றாள் தவமலர்.

"எடுக்காட்டி?"

"ஒன்பதாம் தரம் எடு. அவள் எடுத்துக் கதைச்சாப் பிறகு எனக்கு எடு. அதுவரைக்கும் எனக்கு எடுக்காதை." சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற மகனிடம், சாப்பிட்டாயோ என்றுகூட அவள் கேட்கவில்லை. ஆனாலும் அவள் திரும்பி அவனுக்கு எடுக்கவில்லை.